போனுக்குக் காது உண்டு, வாய் இல்லை

"கவரேஜ் இல்லாட்டி என்ன, போன்ல ஜிபிஎஸ் இருக்குத்தானே. சட்டலைட்ல பாத்துப் பிடிச்சிருவாங்க." கதிரவெளியிலிருந்து கட்டுமுறிவுக் காட்டுப்பக்கம் இறங்குகிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துவிட்டது. போன கிழமை ஒரு வாத்தியாரே சொன்னார்!

ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. நேரத்தையும் தாம் நிற்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே போகும். போன் அதைக் கேட்டுக் கணக்குப் பார்த்து, நீங்கள் நிற்கும் இடத்தை உங்களுக்குக் காட்டும். அவ்வளவுதான். கோயில் ஒலிபெருக்கி உங்கள் வீட்டுக்குக் கேட்கும். நீங்கள் வீட்டிலிருந்து கத்தினால் ஐயருக்குக் கேட்குமா? செய்மதிக்கே செய்தி அனுப்பும் புதுப் போன்கள் வந்திருக்கின்றன, உண்மை. அது வேறு சேவை, எல்லா நாட்டிலும் இல்லை.

கதை எங்கே முளைத்தது என்பதும் தெரியும். வாழைச்சேனை ஆழ்கடல் படகுகளின் ரேடியோக்களைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனைத் தடைசெய்த காலத்தில், படகு நிற்கும் இடத்தைச் செய்மதி வழியே கரைக்கு அனுப்பும் பெட்டிகளைப் பரவலாகப் பூட்டினார்கள். அதைப் பார்த்தவர்கள் தங்கள் போனும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டிக்கு வாய் உண்டு ஐயா!

வாயுள்ள கருவிதான் வேண்டுமென்றால், கையடக்க அவசரகாலச் சமிக்ஞைக் கருவி இருக்கிறது. 406 மெகாஹேர்ட்ஸில், ஏறத்தாழ 50 செக்கனுக்கு ஒருமுறை, 5 வாட்ஸ் வலுவில் அரைச் செக்கன் கத்தும். குறைந்தது 24 மணித்தியாலம் கத்தும். ஆனால் பழையதை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவராதீர்கள். 121.5 மெகாஹேர்ட்ஸை மட்டும் நம்பிய பழைய கருவிகளைச் செய்மதிகள் 2009 பெப்ரவரி 1ஆம் திகதியோடு கேட்பதை நிறுத்திவிட்டன. 406 ஆனாலும் அதற்குள் ஒரு நாட்டின் இலக்கம் இருக்கும்; இலங்கைக்கு 417, ஆஸ்திரேலியாவுக்கு 503. 503 உள்ளதை அமத்தினால் அந்தக் கருவியை ஆஸ்திரேலியப் பதிவேட்டில் தேடுவார்கள். அங்கே பழைய சொந்தக்காரர் போனை எடுத்து, "நான் வீட்டில சுகமா இருக்கிறேன்" என்பார். புதிதாக வாங்குவதென்றாலும் முதலில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி கேளுங்கள், பிறகு சல்லியைக் கொடுங்கள்.

மற்றக் கதைகளுக்கு அதிக இடம் கொடுக்கமாட்டேன். நாலு சில்லும் இழுக்கும் ஜீப் வெள்ளத்தைக் கடக்குமாம். வெருகல் ஆறு பெருகும்போது ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தால் போதும், ஜீப்பையும் தள்ளும். காற்றிழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் போனால் எஞ்சின் அவ்வளவுதான். பெரிய வாகனம்தான் காட்டுக்கு நல்லதாம். கட்டுமுறிவில் பழுதுபார்க்க ஆளும் உதிரிப்பாகமும் எதற்குக் கிடைக்கும் என்று பாருங்கள்: லேண்ட் மாஸ்டருக்கும் உழவு இயந்திரத்துக்கும் கிடைக்கும், நகரத்துப் பளபளப்புக்குக் கிடைக்காது. காட்டுக்குள் பொலிஸ் அவசர இலக்கம் 119 எப்படியும் போகுமாம். எந்தக் கம்பனியின் கோபுரமும் எட்டாத இடத்தில் எந்த இலக்கமும் போகாது.

சல்லியில்லாத கருவி ஒன்றைப் பற்றி நான் எங்கும் கதைப்பேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒரு துண்டுக் கடதாசி. புறப்படுமுன் தேத்தண்ணிக் கடையில் கொடுத்துவிட்டுப் போங்கள். வாகன இலக்கம், எத்தனை பேர், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்த மணி கடந்தால் யாரைக் கூப்பிடுவது. திரும்பியதும் கடைக்குப் போய் அதைக் கிழித்துப் போடுங்கள். கிழிக்க மறந்தால், நீங்கள் வீட்டில் சோறு தின்னும் நேரத்தில் ஊரே காட்டுக்குள் ரோச்சோடு நிற்கும்.