எம்பி3 பிளேயரில் சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்...

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவே எங்களுக்குக் கொஞ்சம் பன்னீர் திராட்சைத் தோட்டம் உண்டு. தாத்தா ராத்திரிக் காவலுக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்ன எம்பி3 பிளேயரை வைத்திருப்பார். 2012-இல் அத்தை வாங்கிக் கொடுத்தது. அது எட்டு மாதமாக மரப்பெட்டிக்குள் கிடந்தது. "சார்ஜ் ஏறலப்பா. கடையில காட்டுனேன். பேட்டரி போச்சு, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கன்னுட்டாங்க" என்றார்.

வேறு வாங்குவது பெரிய காரியம் இல்லை. ஆனால் அந்தப் பிளேயரில் மைக் உண்டு. என் அக்கா குழந்தைக்கு அப்பத்தா பாடிய தாலாட்டை அத்தை அதில்தான் பதிவு செய்திருந்தார். அப்பத்தா இறந்து மூன்று வருடமாகிறது. அந்தக் குரல் வேறு எதிலும் இல்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சார்ஜ் ஏறவில்லை என்பதும் பேட்டரி செத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. கரண்ட் வரும் வழியில் பிளக், சார்ஜர், கேபிள், போர்ட் என்று நான்கு இடங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்த பிறகுதான் பேட்டரி. எங்கள் பக்கம் தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வீட்டு வோல்டேஜே தணிந்துவிடும்! எனவே முதலில் அதே பிளக்கில், அதே சார்ஜரில் ஒரு செல்போனைப் போட்டுப் பாருங்கள். செல்போனில் ஏறினால் அந்த இரண்டிலும் குற்றம் இல்லை.

அடுத்தது கேபிள். தாத்தாவின் பிளேயரில் இருப்பது மினி யு.எஸ்.பி. போர்ட். இப்போது கடைகளில் அந்தக் கேபிள் எளிதில் கிடைப்பதில்லை. பழைய டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் அதே கேபிள்தான். சில மலிவான கேபிள்களில் கரண்டுக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். தகவல் போகும் கம்பிகள் இருக்காது. சார்ஜ் ஏறும், ஆனால் கம்ப்யூட்டரில் டிரைவ் தோன்றாது. புது யு.எஸ்.பி. சி பிளேயர்களில் வேறொரு தொல்லை. விலை குறைந்த சிலவற்றில், இரண்டு முனையும் சி வகையாக உள்ள கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறவே ஏறாது. சார்ஜருக்குச் சைகை தரும் சிறு ரெசிஸ்டர்களை அவற்றில் வைப்பதில்லை. ஒரு முனை பழைய தட்டை வடிவில் உள்ள கேபிளை மாற்றிச் செருகுங்கள், வேலை முடிந்தது.

கேபிளை மாற்றியும் எங்கள் பிளேயர் அசையவில்லை. டார்ச் அடித்துப் போர்ட்டுக்குள் பார்த்தேன். நூல் பஞ்சும் பீடித் தூளும் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தன! சட்டைப் பையிலேயே பத்து வருடம் இருந்தால் வேறென்ன ஆகும்? ஈர்க்குச்சியைச் சீவி மெதுவாகக் கிளறி எடுத்தேன். ஊசி, ஹேர்பின் எதுவும் வேண்டாம். உலோகம் பட்டால் ஷார்ட் ஆகும், உள்ளே இருக்கும் நாக்கும் உடையும். இதற்குப் பிறகு கேபிள் கடைசி வரை நுழைந்து டக்கென்று நின்றது.

அப்போதும் திரை கறுப்புதான். இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். லித்தியம் பேட்டரி முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் முதலில் மிகக் குறைந்த அளவில்தான் சார்ஜ் ஏறும். திரைக்கு வெளிச்சம் காட்டக்கூட அது போதாது. ஒரு மணி நேரம் பொறுங்கள். நான் சாப்பிட்டு வந்து பார்த்தபோது திரையில் பேட்டரிப் படம் மினுங்கியது.

சார்ஜ் இருந்தும் பட்டன் வேலை செய்யவில்லை என்றால், ஹோல்ட் பட்டன் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் புகார் இதுதான்! பிறகு ரீசெட். சில பிளேயர்களில் இதற்கென்றே ஊசித் துளை இருக்கும். கிளிக் வீல் உள்ள ஐபாடுகளில் மெனு பட்டனையும் நடுப் பட்டனையும் சேர்த்து 8 வினாடி அழுத்த வேண்டும். (ஐபாடு உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டது. பழையவை இன்னும் பலர் கையில் இருக்கின்றன.) ரீசெட் செய்தால் பாடல் அழியாது. ரீஸ்டோர் செய்தால் அழியும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி கம்ப்யூட்டர். சித்தப்பா மகன் புதிதாக டெஸ்க்டாப் வாங்கியிருந்தான். முன்பக்கப் போர்ட்டில் செருகியதும் டிரைவைப் பயன்படுத்துவதற்கு முன் பார்மேட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. "அண்ணே, ஓகே கொடுக்கவா?" என்று மவுசை நகர்த்திவிட்டான். "டேய், கையை எடுடா!" என்று நான் போட்ட சத்தத்தில் சித்தியே ஓடி வந்துவிட்டார். கேன்சல் கொடுத்து, பிளேயரைக் கழற்றி, கேபினட்டின் பின்பக்கப் போர்ட்டில் செருகினோம். டிரைவ் ஒழுங்காகத் திறந்தது. இணைப்பு சரியில்லாமலோ கரண்ட் போதாமலோ இருந்தாலும் அந்தச் செய்தி வரும். சாதாரண யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரை தரும். கீபோர்டில் உள்ள போர்ட்டும் தனி அடாப்டர் இல்லாத ஹப்பும் 100 மட்டுமே தரும். பின்பக்கப் போர்ட் நேராக மதர்போர்டில் இருப்பதால் நம்பகமானது. லேப்டாப் என்றால் ஸ்லீப்புக்குப் போனதும் பல மாடல்களில் சார்ஜ் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரெக்கார்ட் என்ற போல்டரில் இரண்டு பைல்கள் இருந்தன. வேறு எதையும் தொடாமல் முதலில் அவற்றைக் காப்பி செய்து, ஒரு பென் டிரைவிலும் போட்டுக்கொண்டோம். பிளேயரிலிருந்து நேராக ஓட விடவில்லை, காப்பியைத்தான் ஓட விட்டோம். தாத்தா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

பிளேயர் உயிர்பெற்றாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடவில்லை. அதாவது பேட்டரி உண்மையிலேயே கிழடாகிவிட்டது. ஆனாலும் இதற்காகப் பிளேயரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் தட்டைப் பேட்டரியின் மேல் 402030 என்பதுபோல ஓர் எண் இருக்கும். 4 மி.மீ. தடிமன், 20 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம் என்று பொருள். அதே அளவில், 3.7 வோல்ட்டில், பாதுகாப்புச் சர்க்யூட்டோடு வாங்க வேண்டும். சிவப்பு, கறுப்பு வயர் இடம் மாறக் கூடாது. சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் செல்போன் சர்வீஸ் செய்பவரிடம் விட்டுவிடுங்கள். நானும் தேனியில் ஒருவரிடம்தான் கொடுத்தேன்.

ஓர் எச்சரிக்கை. பிளேயரின் முதுகு உப்பியிருந்தாலோ திரை தூக்கிக்கொண்டிருந்தாலோ மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். சார்ஜ் போடக் கூடாது, அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. எளிதில் தீப்பற்றாத இடத்தில் தனியாக வைத்து, மின்னணுக் கழிவு வாங்குபவர்களிடம் சேர்த்துவிடுங்கள். பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகும் ஆபத்து இருந்ததால், முதல் தலைமுறை ஐபாடு நானோக்களை 2011-இல் ஆப்பிள் நிறுவனமே திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்தது. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் டேஷ்போர்டு வெயிலில் பிளேயரை வைத்து சார்ஜ் போடுவதைப் பார்த்திருக்கிறேன். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யவே கூடாது.

புது பேட்டரி போட்ட பிறகு தாத்தாவின் பிளேயர் ராத்திரி முழுக்கப் பாடுகிறது. கேபிளைக் காவல் குடிசையின் ஆணியிலேயே மாட்டி வைத்திருக்கிறார். பீடிக் கட்டை மட்டும் இப்போது வேறு பையில் வைத்துக்கொள்கிறார்.