பழைய ட்ரயல்ஸ் வண்டியின் முன் ஃபோர்க்: இளம் மெக்கானிக்குக் கடிதம்

ட்ரயல்ஸ் போட்டியில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறை, சேறு, ஓடைப் படுகை வழியாகக் காலை ஊன்றாமல் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் போட்டி. கால் ஒருமுறை தரையில் பட்டால் 1 தண்டப் புள்ளி, தடத்தை முடிக்க முடியாமல் போனால் 5. ஆள் நடக்கும் வேகத்தில் முன் சக்கரம் ஒரு கல்மேல் ஏறும்போது அதன் மேல் விழும் விசை மிகக் குறைவு. சாலை வண்டியில் குழியின் அடி பலமாக இருப்பதால், ஃபோர்க்குக்குள் கொஞ்சம் பிடிப்பு இருந்தாலும் அது தெரியாது. ட்ரயல்ஸ் வண்டியில் அதே பிடிப்பு சக்கரத்தைக் கல்லிலிருந்து வழுக்கிவிடும். 1965இல் சேமி மில்லர் ஸ்பெயின் நாட்டுப் புல்டாகோவில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயலை வென்றபின், இங்கிலாந்தின் கனத்த நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பதிலாக இலேசான இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. வண்டி இலேசானதும் ஃபோர்க்கின் சிறு பிடிப்பும் பெரிதாகத் தெரியத் தொடங்கியது. ஷெர்பா டி, மான்டெசா கோட்டா, யமஹா டிஒய் போன்ற அக்கால வண்டிகளின் ஃபோர்க்கைப் பூட்டும் இளம் மெக்கானிக் எண்ணெய் ஒழுகாமல் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஃபோர்க் தன் எடையிலேயே நழுவி இறங்க வேண்டும். மற்ற வேலையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எல்லாப் பாகங்களையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின் முதலில் பார்க்க வேண்டியது ஃபோர்க் பைப். தடித்த கண்ணாடிப் பலகையில் அதை உருட்டினால் வளைவு இருக்குமிடத்தில் அடியில் வெளிச்சம் தெரியும். இலேசான வளைவைப் பிரஸ்ஸில் நிமிர்த்தலாம்; மடிப்பு விழுந்த பைப் உதவாது. அடுத்தது குரோம் பூச்சு. ரப்பர் உறை போட்ட வண்டிகளில் உறைக்குள் ஈரமும் சேறும் தங்கி, சரியாக சீல் ஓடும் இடத்திலேயே துரு குழி குழியாக அரித்திருக்கும். நகத்தால் மெல்ல வருடினால் குழி தட்டுப்படும். அந்தக் குழியின் கூர்விளிம்பு புது சீலையும் சில நாளில் கிழித்துவிடும். ஓரிரண்டு குழியானால் விளிம்பை நுண்ணிய எண்ணெய்க் கல்லால் தேய்த்து, எபாக்சி நிரப்பிச் சமன் செய்யலாம். நிறைய இருந்தால் பழைய குரோமை நீக்கி, கடின குரோம் ஏற்றிக் கிரைண்டிங் செய்வதுதான் வழி. இரு பைப்புகளையும் மேலே பிடித்திருக்கும் டீக்குள் மறைந்திருக்கும் துருவால் சீலுக்குத் தொல்லையில்லை.

அக்காலத்து ஃபோர்க்குகள் பலவற்றில் தனி புஷ் கிடையாது. ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியான அலுமினிய பாட்டம் கேஸின் துளையிலேயே பைப் ஓடும். துளை தேய்ந்து பைப் பக்கவாட்டில் ஆடினால் எந்த சீலும் எண்ணெயைத் தாங்காது. துளையைப் பெரிதாக்கிப் புஷ் அடிக்க வேண்டியிருக்கும்.

சீல் விஷயத்தில் அவசரம் ஆகாது. அதன் உதட்டைச் சுற்றி மெல்லிய சுருள்கம்பி ஒன்று இருக்கும். அந்தப் பக்கம் கீழே, எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். பைப்பின் மேல்முனையிலும் லாக் பள்ளத்திலும் உள்ள விளிம்புகள் கத்திபோல் வெட்டும். அதனால் பைப்பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவியே சீலை இறக்க வேண்டும். சீலின் வெளிவிட்டத்துக்குச் சரியான பிவிசி குழாய்த் துண்டை வைத்து நாலாபுறமும் சமமாகத் தட்டினால், கடைசியில் தட்டும் சத்தம் மாறும். சீல் உட்கார்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். சர்க்ளிப் தன் பள்ளத்தில் முழுச்சுற்றும் விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே நம்ப வேண்டும்.

டாம்பர் ராடு வகை ஃபோர்க்கில் ராடின் தலையில் ஒரு ரிங் உண்டு. அது தேய்ந்திருந்தால், அமுங்கிய ஃபோர்க் மீளும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே போகாமல் ஓரமாக நழுவி, கல்லைத் தாண்டிய சக்கரம் துள்ளும். ராடைச் சிறு ஸ்பிரிங்கோடு பைப்புக்குள் விட்டு, கீழே நீளும் முனையில் கூம்புத் துண்டை மாட்டி, பாட்டம் கேஸுக்குள் இறக்கி, அடியில் புதுக் காப்பர் வாஷரோடு ஆலன் போல்ட்டை முடுக்க வேண்டும். ராடும் கூடவே சுற்றினால், முனை சீவிய துடைப்பக் கட்டையை மேலிருந்து ராடின் தலையில் அழுத்திப் பிடித்தால் போதும்.

எண்ணெயும் பெரிய ஸ்பிரிங்கும் போடுவதற்கு முன்பே ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் டீயில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. பலர் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். உண்மையில் பிடிப்பு பிடிபடும் இடம் இதுதான். விழுந்து எழுந்த வண்டியில் டீ முறுக்கிக்கொண்டிருக்கும். இரு பைப்புகளின் மேலும் கண்ணாடிப் பலகையைச் சாய்த்து வைத்தால், அது நான்கு இடத்திலும் ஆடாமல் படிய வேண்டும். பிறகு சக்கரமில்லாமல் ஆக்சிலை மட்டும் விட்டால், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு விரல் அழுத்தத்தில் போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் கால்கள் இணையாக இல்லை என்று பொருள். ஆக்சிலோடு இரண்டு கால்களையும் மேலே தூக்கி விட்டால் தடங்காமல் இறங்க வேண்டும். மட்கார்டு பிராக்கெட்டைப் பூட்டியபின் இதையே மறுபடி செய்து பார்க்க வேண்டும். பிராக்கெட் கால்களை உள்ளே இழுத்தால், இடைவெளிக்குத் தகுந்த வாஷர் வைத்தால் சரியாகும்.

இனி எண்ணெய். கையேட்டில் உள்ள அளவு உலர்ந்த ஃபோர்க்குக்கானதா, வெறும் எண்ணெய் மாற்றத்துக்கானதா என்று பார்க்க வேண்டும். உலர்ந்ததற்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். டின்னில் போட்டிருக்கும் 10 என்ற எண் ஒரு கம்பெனிக்கு ஒரு மாதிரி இருக்கும். 40 டிகிரியில் அதன் பாகுத்தன்மை என்ன என்ற எண்ணே ஒப்பிடத் தக்கது. ஊற்றியபின் மெல்ல மேலும் கீழும் அசைத்துக் காற்றை வெளியேற்றி, ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க் முழுக்க அமுங்கிய நிலையில் இரு காலிலும் எண்ணெய் மட்டம் ஒன்றா என்று அளக்க வேண்டும்.

சக்கரத்தை மாட்டும்போது ஆக்சில் நட்டை முடுக்கிவிட்டு, கிளாம்ப் போல்ட்டைத் தளர்வாகவே விட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கைப் பலமுறை அமுக்க வேண்டும். கால் தனக்குரிய இடத்தில் தானே வந்து நின்றபின்தான் அந்தப் போல்ட்டை முடுக்குவது. கிளாம்ப் அலுமினியம், பலத்தைக் காட்டினால் விரிசல் விடும்.

முதல் ஓட்டத்துக்கு முன் பைப்பில் ஒரு ஜிப் டையைக் கட்டிவிட்டால், ஃபோர்க் எவ்வளவு அமுங்கியது என்பதை அது காட்டும். சாதாரண இறக்கத்திலேயே அடி தொட்டால் இரு காலிலும் 5 மில்லி எண்ணெய் கூட்டலாம்; பெரிய படியிலும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினால் அதே அளவு குறைக்கலாம். பைப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிவது சரிதான். துளி திரண்டால் சீலைத் திரும்பக் கழற்ற வேண்டும்.