கேள்விக்குப் பின் மூன்று விநாடி

“புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுது டீச்சர்” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அந்தக் குரலில் யார் சேர்ந்தார்கள், யார் வாயை மட்டும் அசைத்தார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை. 38 பேர் படிக்கும் என் ஆறாம் வகுப்பில், சற்று யோசிக்க வேண்டிய கேள்வி என்றால் ஐந்தாறு கைகள்தான் உயரும். தினமும் அதே கைகள். தான் பேசாவிட்டாலும் பாடம் நடந்துவிடும் என்று மற்ற பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தோடு எட்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையைப் பேச வைப்பது எவ்வளவு கடினம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, தொடக்கப்பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்து 1970களில் எழுதியது இங்கே உதவும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் வேறொருவரைக் கேட்டார்கள், அல்லது தாமே சொல்லிவிட்டார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, மௌனங்கள் குறைந்தன. மெதுவாகக் கற்பவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளும் கூடுதலாகப் பேசினார்கள்.

அவர் இரண்டு இடைவெளிகளைச் சொல்கிறார். ஒன்று கேள்விக்குப் பின், மற்றொன்று மாணவரின் பதிலுக்குப் பின். முதலாவதைப் பயிற்சிகளில் கேட்டிருப்போம். என் அனுபவத்தில் இரண்டாவதற்கே பலன் அதிகம். ஒருவர் பதில் சொன்னதும் “வெரி குட்” என்றால் மற்ற 37 பேரின் யோசனையும் அங்கேயே நின்றுவிடுகிறது. “தப்பு, வேற யாரு?” என்றாலும் அதேதான்.

பின்னப் பாடத்தில் “1/3, 1/4, எது பெரியது?” என்று கேட்டால் தெரியாதவரும் பாதி வாய்ப்பில் சரியாகச் சொல்லிவிடலாம். அதனால் இப்படிக் கேட்டேன்: “ஒரே அளவில் இரண்டு கடலைமிட்டாய். ஒன்றை 3 பேர் சமமாகப் பிரிக்கிறார்கள், இன்னொன்றை 4 பேர். நீ எந்தக் கூட்டத்தில் சேருவாய்? ஏன்?” யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் தப்பித்தோம் என்று இருந்துவிடுவார்கள்.

“நாலு பேரு கூட்டத்துல, டீச்சர். நாலுதான பெருசு” என்றான் ஒருவன். நான் எதுவும் சொல்லவில்லை, தலையும் அசைக்கவில்லை. தலையசைப்பைப் பார்த்தே விடையைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இன்னொருவன், “நானும் நாலுதான். என் கூட்டாளிங்க நாலு பேரு” என்றான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து, கை தூக்காத ஒரு மாணவி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வதுபோல, “ஆளு கூடினா துண்டு சின்னதாயிடும்ல” என்றாள். முதலில் பேசியவன் திரும்பிப் பார்த்தான். “அப்ப மூணு பேருதான், டீச்சர்” என்று தானாகவே மாற்றிச் சொன்னான். கரும்பலகையில் எழுத எனக்கு ஒரு வரிதான் மிச்சம் இருந்தது.

போர்ஷன் முடியுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். ஒரு பாடவேளையில் இப்படிப்பட்ட பத்துக் கேள்வி கேட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு முறை மூன்று விநாடி காத்திருந்தால் மொத்தம் ஒரு நிமிடம். பிள்ளைகள் கூடுதலாகப் பேசும் நேரம் தனி. ஆனால் அதுவும் பாடம்தானே!

எல்லாக் கேள்விக்கும் இது வேண்டியதில்லை. “ஏழெட்டு எத்தனை?” என்பதற்குக் காத்திருந்தால் வகுப்பு தூங்கிவிடும். ஒரு பிள்ளையை நிற்க வைத்துவிட்டு எல்லோரும் அவளையே பார்க்கும் மௌனம் தண்டனையாகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். அதனால் உட்கார்ந்தபடியே, முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் பேசிவிட்டுச் சொல்லச் சொல்கிறேன். அப்படியும் வாய் திறக்காத மூன்று பேர் இருக்கிறார்கள். விடையை நோட்டில் எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினால் போதும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இருவர் காட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.