பரீட்சையும் ஒரு தராசுதான்



சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு தகப்பனார் எங்களிடம் வந்தார். மலையிலிருந்து நேரே வந்தவர், இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. அவசரமாகக் கொஞ்சம் கடன் வேண்டும் என்றார். என்னத்துக்கு என்று கேட்டோம். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"டவுன்ல ஒருத்தர் கணக்குப் பேப்பர்ல வரப்போற கேள்வியெல்லாம் தர்றாராம் ஐயா. காசு குடுத்தா போதுமாம். எல்லாரும் வாங்குறாங்க, நம்ம புள்ள மட்டும் ஏன் பின்னுக்கு நிக்கணும்? நாங்கதான் இந்த மலையில கெடக்குறோம். அவனாச்சும் தப்பிக்கட்டுமே."

கடன் இல்லை என்று சொல்வது லேசு. ஆனால் அந்தக் கடைசி வார்த்தைக்குப் பதில் சொல்வது லேசு இல்லை. பிள்ளை மேல் உள்ள பாசத்தில் வந்த வார்த்தை அது. ஆகவே இந்த மாதப் பாடத்தை அதற்கே வைத்துக்கொண்டோம். வேதாகமத்திலிருந்துதான் சொல்கிறோம். ஆனாலும் கோயிலுக்குப் போகிறவர்களும் கேட்கலாம். களவு எந்தச் சாமிக்கும் ஆகாது.

நிறுக்கும் இடத்தில்

மழையிலும் அட்டைக் கடியிலும் நாள் முழுக்கப் பறித்த கொழுந்தைத் தராசில் வைக்கிறோம். சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று நியாயத்துக்கு மேலே வெட்டினால் நமக்கு எப்படி வயிறு எரிகிறது! அதேபோல, கூடைக்கு அடியில் முத்தின இலையை ஒளித்து வைத்து நிறை காட்டுகிறவர்களும் நம்மில் இல்லாமல் இல்லை. அன்றைக்குக் கிலோ கூடும். ஆனால் பெக்டரிக்குப் போனதும் அந்த இலை தன்னை யார் என்று காட்டிவிடும்.

நீதிமொழிகள் 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் தராசைப் பற்றியது. பொய்யாக நிறுப்பதைக் கடவுள் வெறுக்கிறார், நேர்மையாக நிறுப்பதில் மகிழ்கிறார் என்பதே அதன் கருத்து. பரீட்சையும் ஒரு தராசுதான். பிள்ளை படித்ததை அது நிறுக்கிறது. கொப்பி அடிப்பது, துண்டு ஒளித்துக் கொண்டுபோவது, கேள்வியைக் காசுக்கு வாங்குவது, ஒருவருக்காக இன்னொருவர் போய் எழுதுவது எல்லாம் கள்ள நிறைதான்.

"இதில யாருக்கு என்ன நட்டம்?" என்று சிலர் கேட்கிறார்கள். நட்டம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 இடம் மாவட்ட அடிப்படைக்கும், 5 இடம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பிரிக்கிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடக்கம். வெளி மாவட்டத்தவர்கள் பொய் விலாசம் காட்டி இங்கே பதிந்து நம் பிள்ளைகளின் இடத்தை எடுக்கிறார்கள் என்று பல வருடமாக நாம் முறைப்பாடு சொல்கிறோம். நியாயமான முறைப்பாடுதான். ஆனால் நமது இடத்தை எடுத்தால் களவு, நாம் எடுத்தால் கெட்டித்தனம் என்று ஆகுமா?

2024 செப்டெம்பர் 15இல் நடந்த ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பாருங்கள். மூன்று கேள்விகள் முன்னமே வெளியே போன விஷயம் தெரியவந்து, விடைத்தாள் திருத்துவதையே நிறுத்தினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், டிசம்பர் 31இல் தீர்ப்பு வந்தது. பெறுபேறு 2025 ஜனவரியில்தான் வெளியானது. யாரோ பெரியவர்கள் செய்த பிழைக்குப் பத்து வயதுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நேர்மையாக எழுதிய பிள்ளையின் புள்ளியையும் ஊர் சந்தேகத்தோடு பார்த்தது.

ரெபெக்காள் செய்த ஏற்பாடு

ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தில் ஒரு தாய் தன் மகனுக்காக ஆள்மாறாட்டம் ஏற்பாடு செய்கிறாள். கண் மங்கிய ஈசாக்கு மூத்தவன் ஏசாவை ஆசீர்வதிக்க இருந்தார். தாய் ரெபெக்காள் இளையவன் யாக்கோபுக்கு அண்ணனின் உடுப்பைப் போட்டு, கையில் ஆட்டுத் தோலைச் சுற்றி, சமைத்தும் கொடுத்து அனுப்பினாள். "நீ யார்?" என்று தகப்பன் கேட்டார். "நான் ஏசா" என்றான் மகன். ஆசீர்வாதம் கிடைத்தது.

கூடவே வேறொன்றும் கிடைத்தது. அண்ணனுக்குப் பயந்து வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தது. கொஞ்ச நாளைக்குத்தான் என்று தாய் நினைத்தாள். இருபது வருடம் ஆனது. தாயும் மகனும் மறுபடி சந்தித்ததாக வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. போன இடத்தில் மாமன் லாபான், கலியாண இரவில் பெண்ணையே மாற்றி அவனை ஏமாற்றினான். தான் செய்தது தனக்கே திரும்பி வந்தது.

ஊர் திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் ஓர் இரவு விடியும்வரை போராட்டம். அங்கேயும், "உன் பெயர் என்ன?" என்ற கேள்வி வந்தது. இந்தத் தடவை அவன் "யாக்கோபு" என்றான். உண்மைப் பெயரைச் சொன்ன பிறகுதான் அவனுக்குப் புதிய பெயரும் ஆசீர்வாதமும் கிடைத்தன.

பாசத்தில்தான் ரெபெக்காள் அப்படிச் செய்தாள். ஆனால் அந்தப் பாசம் மகனைத் தப்ப வைக்கவில்லை, ஓட வைத்தது.

வட்டுக்கோட்டையில் இருந்து

"யாழ்ப்பாணத்துப் பிள்ளைங்க எப்படிப் படிச்சு முன்னுக்கு வந்துட்டாங்க!" என்று லயத்தில் அடிக்கடி பேசுகிறோம். அந்தக் கதையில் ஒரு பகுதியைத் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்க மிஷனார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி வந்தது. செமினரியில் தமிழோடு ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம் எல்லாம் படிப்பித்தார்கள். அங்கே ஆசிரியராக இருந்தவர் கறோல் விசுவநாதபிள்ளை. அங்கே மாணவராக இருந்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது, அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இந்த இருவருமே. படிப்பித்தவரும் படித்தவரும் ஒரே தராசில் ஏறினார்கள்.

தாமோதரம்பிள்ளை பின்பு சைவராக வாழ்ந்தார். செல்லரித்துக்கொண்டிருந்த பழைய ஏடுகளைத் தேடி எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சிட்டார். ஏட்டில் எழுத்து அழிந்துபோன இடத்தில் சான்றிதழ் வந்து உதவுமா? உள்ளே இருந்த படிப்புத்தான் உதவியது.

இன்னொரு பக்கமும் உண்டு. பலர் படிப்பை உத்தியோகத்துக்கு ஏணியாக மட்டும் பார்க்கிறார்கள் என்ற கவலை மிஷனில் வளர்ந்தது. 1855இல் செமினரி மூடப்பட்டது. அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்க 1872 ஆனது. உத்தியோக ஆசை பிழை இல்லை. பிள்ளைக்கு நல்ல வேலை வேண்டும் என்றுதான் நாமும் ஆசைப்படுகிறோம். ஆனால் படிப்பு இல்லாத சான்றிதழ், ஒரு நாளைக்கு ஆளைக் கைவிட்டுவிடும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. புள்ளி குறைந்தால் பிள்ளையை அடிக்க வேண்டாம். அடிக்குப் பயந்த பிள்ளைதான் துண்டு எழுதுகிறது.

2. "பேப்பர் தருகிறோம்" என்று வருபவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். 1968ஆம் ஆண்டின் பொதுப் பரீட்சைகள் சட்டப்படி இது குற்றம். பிள்ளையின் பெறுபேறு இரத்தாகலாம், மறுபடி எழுதத் தடையும் வரலாம்.

3. கொப்பி அடித்தேன் என்று பிள்ளை தானாகச் சொன்னால், சொன்னதற்காக முதலில் மெச்சுங்கள். யாக்கோபு தன் பெயரைச் சொன்ன நேரம் அது. பிறகு ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

4. பின்னேரம் ஒரு மணித்தியாலம் ரேடியோவையும் டிவியையும் நிறுத்தி வையுங்கள். எழுத்துத் தெரியாத அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அதுவே பெரிய உதவி.

அந்தத் தகப்பனார்

கடன் கொடுக்கவில்லை. பதிலுக்கு, உயர்தரம் படித்த நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவரைப் பிடித்து, பிள்ளைக் காம்பராவில் பின்னேரம் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். இரண்டு கிழமையில் அதிசயம் நடக்கவில்லை. மகன் கணக்கில் தவறினான். தகப்பனார் எங்களோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வகுப்பு நிற்கவில்லை. அடுத்த தடவை மகன் 'எஸ்' எடுத்தான். சாதாரண சித்திதான். பெறுபேற்றுத் தாளை எங்களிடம் காட்டிவிட்டுத் தகப்பனார் சொன்னார்: "சரியா நிறுத்துப் பார்த்தாச்சு ஐயா. கொறஞ்ச நிறைதான். ஆனா எல்லாம் நல்ல கொழுந்து."

குடும்பமாகப் பேச

தராசில் நமக்கு அநியாயம் நடந்த நாளில் மனம் எப்படி இருந்தது?

பிள்ளைக்காக நாம் சொல்லிக்கொடுத்த பொய் ஏதும் உண்டா?

நம் வீட்டுப் பிள்ளை தோற்றுப் போய் வந்தால் முதலில் என்ன சொல்வோம்?