ஓடினால் காய்ச்சல் வருமா?

"ஆரோக்கியம்னா என்ன?" என்று உங்கள் வீட்டு ஐந்து வயது வாண்டுவிடம் கேட்டுப் பாருங்கள். "ஊசி போடாம இருக்கறது" என்பான். இல்லாவிட்டால், "நிறைய சாப்பிடறது." தப்பில்லை. அந்த வயதில் கண்ணால் பார்ப்பதுதான் நிஜம். உடம்புக்குள் நடக்கும் சமாச்சாரங்கள் ஏழெட்டு வயதுக்கு மேல்தான் மெல்லப் பிடிபடும்.

சிக்கல் என்னவென்றால், சின்னக் குழந்தைகள் நோயைத் தண்டனையாக எடுத்துக்கொள்வார்கள். "சொல்பேச்சு கேக்காம ஆடினேல்ல, அதான் ஜுரம்" என்று ஒருமுறை சொன்னாலே போதும். விளையாட்டு குற்றம், காய்ச்சல் தண்டனை! அப்புறம் ஓடும்போது மூச்சு வாங்கினாலும் வாயைத் திறக்க மாட்டான். சொன்னால் ஆட்டம் போச்சே! வீசிங் உள்ள பிள்ளை அதை மறைத்துக்கொண்டு ஓடுவது ஆபத்து.

சித்த மருத்துவம் வாழ்நாளை மூன்றாகப் பிரித்து, முதல் பகுதியை வாதத்துக்குக் கொடுக்கிறது. வாதம் என்றால் இயக்கம். (நமக்கு மூட்டுவலிதான் ஞாபகம் வரும்!) அதனால் ஓடுவது பிள்ளையின் இயல்பு. ஆனால் அடக்கக் கூடாத 14 வேகங்களில் தாகம், சிறுநீர், இளைப்பு மூன்றும் உண்டு. ஆட்ட மும்முரத்தில் பிள்ளைகள் அடக்குவது இவற்றைத்தான். இதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

எப்படிச் சொல்வது? பிரசங்கம் வேண்டாம். நெஞ்சில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்கியதும் மறுபடி வைக்கட்டும். "டப் டப்னு வேகமா அடிக்குதும்மா!" என்று அவனே சொல்வான். "உள்ளே இருக்கிற பம்ப்பும் உன்னோட விளையாடுது" என்றால் புரிந்துவிடும்.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைக் கடக்கும்போது அந்தப் பெயருக்கும் கதை சொல்லலாம். 1928-ல் டாக்டர் சவுரி முத்து இங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கியபோது அந்த நோய்க்கு இன்றுள்ள மாத்திரைகள் கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு, இவைதான் சிகிச்சை. 2005-ல் திறந்துவைக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குவதும் இதே சானடோரியத்தில்தான்.

ஐந்து வயதுக்கு மேல் தினம் சராசரி 60 நிமிடம் வியர்க்க ஆடவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சேலையூர், மேடவாக்கம் அடுக்குமாடிகளில் கார் நிறுத்தத்தான் இடம்! நொண்டி, ஓடிப்பிடிச்சுக்கு மொட்டைமாடி வேண்டாம். பக்கத்துப் பூங்கா போதும். கோடையில் காலை ஒன்பதுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின். குளுகோஸ் பாக்கெட் எதற்கு? தண்ணீர், நீர்மோர் கொடுங்கள்.

ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, உதடு நீலமாவது இருந்தால் கஷாயம் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்த வைத்தியனாகவே இதைச் சொல்கிறேன்.