உறுதியும் நெகிழ்வும்

மகிழுந்து முன்புறம் மோதும்போது, அதன் நீண்ட முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியைத் தாங்கும். பக்கவாட்டில் மோதும்போதோ பயணிக்கு அரணாவது கதவு ஒன்றே. ஆகவே, பக்கவாட்டுக் காற்றுப்பை ஏறத்தாழ நொடியின் ஐம்பதில் ஒரு பங்கிற்குள் விரிதல் வேண்டும். 1990களின் நடுவில் சுவீடனின் வோல்வோ நிறுவனம் இப்பையை இருக்கையின் சாய்மானத்தில் பொருத்தி அறிமுகம் செய்தது.

மடித்து வைத்த பையைக் காக்கும் உறைக்கு இரு கடமைகள் உண்டு. பயணியின் எடையும் உராய்வும் பையைச் சிதைக்காதவாறு பல்லாண்டுகள் உறுதியாக இருத்தல் ஒன்று. மோதிய கணத்தில் சில்லுகளாகச் சிதறாமல், குறித்த பக்கம் மட்டும் திறந்து வழிவிடுதல் மற்றொன்று. இதற்காகவே உறை திறக்கும் விளிம்பை மெலிதாக்குவர். அவ்விடத்தில் இருக்கையின் தையலையும் எளிதில் பிரியுமாறு அமைப்பர். இதனை அறியாது அழகுக்காகத் தடித்த மேலுறையை மாட்டினால், பை வெளிவரும் வழி அடைபடும். உயிர்காக்கும் கணமும் தவறிப்போகும்.