கிளட்ச் காலில் அடிபட்டால்

வலது காலில் அடிபட்டிருந்தால் கதை வேறு. எனக்கு அடிபட்டது இடது கால், அதாவது கிளட்ச் கால். காலை நேரத்தில் திண்டுக்கல் டவுனுக்குள் லோடு வண்டியை உருட்டியவர்களுக்குத்தான் தெரியும், அந்தக் கால் எத்தனை தடவை அமுக்கி எடுக்கும் என்று.

நடந்தது பெரிய விபத்தெல்லாம் இல்லை. வெங்காய மண்டியில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. மழை தூறி நின்றிருந்தது. கேபினிலிருந்து இறங்கும்போது படியில் அப்பியிருந்த சேறும் வெங்காயச் சருகும் சேர்ந்து செருப்பை வழுக்கிவிட்டன. பாதம் உள்பக்கமாக மடிய, மொத்த உடம்பும் அதன்மேல் இறங்கியது. எங்கள் தொழிலில் கால் போவது பெரும்பாலும் வண்டி நிற்கும் இடத்தில்தான். மேலே ஏறிக் கயிறு போடும்போது, தார்ப்பாய் இழுக்கும்போது, பின்கதவைத் திறக்கும்போது, மூட்டை சரியும்போது.

மண்டியில் ஒரு பெரியவர் எண்ணெயோடு வந்துவிட்டார். “தம்பி, சுளுக்குதான். நீவி விட்டா சாயங்காலமே ஓட்டலாம்.”

“படம் எடுத்துப் பாத்துட்டு வந்துர்றேங்கய்யா, அப்புறம் நீவுங்க” என்றேன். முறிந்த எலும்பை நீவினால் ஒட்டியிருப்பதும் விலகும். எக்ஸ்ரே தேவையா என்பதை ஓரளவு நாமே கணிக்கலாம். கனடாவின் ஒட்டாவா நகரத்து டாக்டர்கள் 1992-ல் வகுத்த விதி இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. சேர்ந்தாற்போல் நாலு எட்டு வைக்க முடியவில்லையா? பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே துருத்தும் எலும்பை அமுக்கினால் உயிர் போகிறதா? கணுக்கால் மொளியின் பின்பக்கம் தொட்டால் வலிக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். எனக்கு அந்த வெளி ஓர எலும்பில்தான் கீறல் விழுந்திருந்தது.

அடிபட்ட உடனேயே பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கித் துண்டில் சுற்றி வைத்தேன். வெறும் ஐஸைத் தோல்மேல் வைக்கக் கூடாது. காலை டேஷ்போர்டு உயரத்துக்குத் தூக்கி வைத்தேன். ஆக்டிங் டிரைவர் ஒருவர் வந்து வண்டியை எடுத்தார்.

அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘எப்படி அடிபட்டது?’ என்று டாக்டர் கேட்டால் ‘கீழ விழுந்துட்டேன்’ என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்த வண்டி, எங்கே லோடு இறங்கியது, என்ன நேரம் என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-லேயே சட்டமான விஷயம். கேட்பதற்கு 2 வருட அவகாசமும் உண்டு. ஆனால் காகிதம் இல்லாமல் எதுவும் நகராது. ஏ.ஆர். காப்பி, டிரிப் ஷீட், லோடு பில், எக்ஸ்ரே நாலையும் ஒரே கவரில் போட்டு வீட்டில் வைத்திருங்கள். லாரியின் இன்சூரன்ஸில் சம்பள டிரைவருக்கும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அதைச் சொன்ன பிறகு ஓனரின் முகம் கொஞ்சம் இளகியது. பணம் அவர் பையிலிருந்து போகாது என்று தெரிந்தால் யாருக்குத்தான் இளகாது? 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் சாலை விபத்துச் சிகிச்சைக்கானது. நின்ற வண்டியில் வழுக்கி விழுந்தவர் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எலும்புக்கட்டு போட ஆந்திராவில் புத்தூருக்குக் கார் பிடிக்கச் சொன்ன சொந்தக்காரர்களுக்குக் குறைவில்லை. அந்தக் கட்டின்மேல் எனக்குப் பகை இல்லை. எலும்பு விலகாமல் கீறல் மட்டும் என்றால் அசையாமல் வைத்திருப்பதுதான் முக்கால்வாசி வைத்தியம். விலகியிருந்தால் கட்டு மட்டும் போதாமல் போகலாம். அது எந்த ரகம் என்று சொல்ல படம் வேண்டும், படத்தைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். எனக்கு மாவுக்கட்டு. ஒட்டுவதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும் என்றார் டாக்டர். அடுத்த கேள்வி பீடி பற்றி. புகை எலும்பு கூடுவதைத் தள்ளிப்போடுமாம். சுருட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரனிடம் சொல்கிற பேச்சா இது! ஆனாலும் விட்டேன்.

சர்க்கரை உள்ள டிரைவர்கள் இதையும் கேளுங்கள். நம் லாரிகளில் என்ஜின் கேபினுக்கு நடுவில் இருக்கிறது. அதன் சூடு முதலில் படுவது டிரைவரின் இடது காலில். சர்க்கரையால் மரத்துப்போன பாதத்துக்குக் கொப்புளம் தெரியாது, செருப்புக்குள் ஏறிய முள்ளும் தெரியாது. ராத்திரி வண்டியை ஓரங்கட்டியதும் செல்போன் கேமராவில் உள்ளங்காலைப் படம் பிடித்துப் பாருங்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் புது லாரிகளுக்குக் கேபின் ஏசி கட்டாயம். நம்முடையது பழசு, அதனால் இந்த வேலையை நாம்தான் பார்க்க வேண்டும்.

கட்டைப் பிரித்த அன்றே சாவியைக் கேட்காதீர்கள். கால் மெலிந்திருக்கும், கணுக்கால் மடங்காது. வண்டியை சமதரையில் நிறுத்தி, என்ஜினை ஆஃப் செய்து, நியூட்ரலில் கிளட்சை முழுசாக அமுக்கி, பிடித்து, மெதுவாக விட்டுப் பழகினேன். காற்று இறங்கிய வண்டியில் பூஸ்டர் உதவாது, பெடல் கல்லாக இருக்கும். அதையும் அமுக்க முடிகிறது என்றால்தான் கால் தயார். டாக்டரும் சரி என்று சொல்ல வேண்டும். முதல் நடைகளைக் கரூர் நாலுவழிச் சாலையில் கேட்டு வாங்கினேன். டாப் கியரில் போட்டால் இடது காலுக்கு அவ்வளவாக வேலை இருக்காது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறியைக் கேரளாவுக்கு ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுவதைத் தள்ளிப்போட்டேன். அதனால் படிக்காசு குறைந்தது, வீட்டில் கொஞ்சம் இழுபறிதான்.

இப்போது கேபினிலிருந்து இறங்கும்போது முகம் வண்டியைப் பார்த்து இருக்கும். இரண்டு கை ஒரு கால், இல்லையென்றால் இரண்டு கால் ஒரு கை, ஏதாவது மூன்று எப்போதும் வண்டியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குதிப்பது கிடையாது. வெல்டிங் பட்டறையில் கொடுத்துப் படியில் சொரசொரப்பான தகடு அடித்துவிட்டேன். ஓட்டும்போது பின்வார் வைத்த செருப்பு. மண்டிக்குள் இறங்கினால் சீட்டுக்கடியில் கிடக்கும் சேஃப்டி ஷூ. கிளீனர் பையன் இன்னும் சிரிக்கிறான்.